ஏஜாக்ஸில் வீடு வாங்கினால் ஒரு மாலுமியும் கூட வருவார்

ஸ்காபுறோவில் வாடகை வீடு, ஆளுக்கு இரண்டு வேலை, கையில் கொஞ்சம் சேர்ந்ததும் 401 நெடுஞ்சாலையைப் பிடித்துக் கிழக்கே பிக்கறிங், ஏஜாக்ஸ், விற்பி என்று நகருவது. ரொறன்ரோத் தமிழர் பலரின் கதை இதுதான். என் கதையும் இதுதான். வீடு காட்ட வந்த முகவர் பள்ளிக்கூடம் கிட்ட என்றார், பேஸ்மென்றை வாடகைக்கு விடலாம் என்றார், கோயில் பத்து நிமிச ஓட்டம் என்றார். தெருவுக்கு ஏன் அந்தப் பெயர் என்பதை மட்டும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. வட்டி வீதம் கேட்கிற நேரத்தில் தெருப்பெயரை ஆர் கேட்பார்?

ஆனால் ஏஜாக்ஸில் அதைத்தான் முதலில் கேட்கவேண்டும். இந்த ஊர்த் தெருக்களில் ஏராளமானவை 1939ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் திகதி இரண்டாம் உலகப்போரில் தென் அத்திலாந்திக் கடலில் ஒரு காலைப்பொழுது சண்டையிட்ட மூன்று பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் ஆட்களுடைய பெயர்களைத் தாங்குபவை. அதில் இறந்தவர்களும் உண்டு, தப்பியவர்களும் உண்டு. நகரமண்டபம், நூலகம், ஆஸ்பத்திரி மூன்றும் இருக்கிற ஹார்வுட் அவனியூ, அந்த மூன்று கப்பல்களுக்கும் தலைமை தாங்கிய கொமடோர் ஹென்றி ஹார்வுட்டின் பெயர். எக்ஸெற்றர் வீதி என்றும் அக்கிலீஸ் வீதி என்றும் கப்பல்களின் பெயரிலேயே இரண்டு வீதிகள். மூன்றாவது கப்பலின் பெயர் ஊருக்கே போய்விட்டது.

1941க்கு முன் ஏஜாக்ஸ் என்றொரு ஊரே கிடையாது. பிக்கறிங் பகுதியின் பண்ணை நிலங்கள்தான். அரசாங்கம் அவற்றை எடுத்து, பீரங்கிக் குண்டுகளுக்கு வெடிமருந்து நிரப்பும் பெரிய தொழிற்சாலை ஒன்றைக் கட்டியது. போர் முடிவதற்குள் அங்கிருந்து 4 கோடிக் குண்டுகள் போயின. உச்சக்கட்டத்தில் 9,000 பேரளவில் வேலை செய்தார்கள். பெரும்பாலானோர் பெண்கள், கனடாவின் மூலைமுடுக்குகளிலிருந்து ரயிலேறி வந்தவர்கள். இத்தனை பேருக்குக் கடிதம் வரவேண்டும், கடிதத்துக்குத் தபாற்கந்தோர் வேண்டும், தபாற்கந்தோருக்குப் பெயர் வேண்டும். அப்போது எல்லோர் வாயிலும் இருந்த கடற்சண்டையின் வெற்றிக் கப்பல் ஏஜாக்ஸ். பெயர் கிடைத்துவிட்டது. போர் முடிந்தபின் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துப் பொறியியல் மாணவர்கள் சில ஆண்டுகள் அந்தத் தொழிற்சாலைக் கட்டடங்களில் படித்தார்கள். பிறகு ஊர் பெருத்தது, தெருக்கள் பெருகின, பெயர்கள் தேவைப்பட்டன. மூன்று கப்பல்களின் ஆட்பதிவேடு இருக்கும்போது பெயருக்கு என்ன பஞ்சம்?

அந்தச் சண்டையை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்லத்தான் வேண்டும்.

ஜெர்மனியின் அட்மிரல் கிராஃப் ஸ்பே 11 அங்குலப் பீரங்கிகள் ஆறைச் சுமந்த போர்க்கப்பல். போர் தொடங்கிய சில மாதங்களில் அத்திலாந்திக்கிலும் இந்து சமுத்திரத்திலும் ஒன்பது வணிகக் கப்பல்களைப் பிடித்து மூழ்கடித்திருந்தது. டிசம்பர் 2ஆம் திகதி டொறிக் ஸ்ரார் என்ற கப்பல் அகப்பட்டபோது மூழ்குவதற்கு முன் வானொலியில் அபயக்குரல் கொடுத்துவிட்டது. அது ஆபிரிக்கப் பக்கம். ஹார்வுட் இருந்ததோ தென் அமெரிக்கப் பக்கம். அவர் கணக்குப் போட்டார். எதிரி இனி எந்தப் பக்கம் திரும்புவான், என்ன வேகத்தில் வருவான், வணிகக் கப்பல்கள் நெருக்கமாகப் போய்வருகிற பிளேற் ஆற்று முகத்துவாரத்துக்கு எப்போது வந்து சேருவான்? 13ஆம் திகதி விடியற்காலை என்று விடை வந்தது. அன்று காலை ஆறேகாலளவில் தொடுவானத்தில் புகை தெரிந்தது.

ஹார்வுட்டிடம் இருந்தது 8 அங்குலப் பீரங்கிகள் கொண்ட எக்ஸெற்றர், 6 அங்குலப் பீரங்கிகள் கொண்ட ஏஜாக்ஸ், நியூசிலாந்துக்காரர் ஓட்டிய அக்கிலீஸ். தனித்தனியே மோதினால் மூன்றுக்கும் சங்குதான். ஆகவே இரண்டு பக்கமாகப் பிரிந்து தாக்கினார்கள், எதிரியும் தன் பீரங்கிகளை எந்தப் பக்கம் திருப்புவது என்று திண்டாடட்டும் என்று. சண்டை ஒன்றேகால் மணித்தியாலத்துக்குச் சற்று அதிகம் நடந்தது.

எக்ஸெற்றர்தான் அதிகம் வாங்கிக்கட்டியது. ஒரு குண்டின் சிதறல் கட்டளை மேடையைத் துடைத்துக்கொண்டு போனது. கப்பற் தலைவர் பெல்லும் இன்னும் ஓரிருவரும் தவிர அங்கே நின்றவர்கள் எல்லோரும் விழுந்தார்கள். சுக்கான் தொடர்பு அறுந்தது, தொலைபேசிக் கம்பிகள் அறுந்தன, திசைகாட்டிகள் வேலை செய்யவில்லை. பெல் காயத்தோடு பின்பக்கம் போனார். கப்பலில் கட்டியிருந்த சிறு படகொன்றின் திசைகாட்டியை எடுத்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக் கட்டளையிட்டார். கட்டளை எப்படிச் சுக்கானுக்குப் போவது? மாலுமிகள் ஒருவர் பின் ஒருவராக வரிசையாக நின்றார்கள். இடது பத்து என்று இவர் சொன்னால் அடுத்தவர் திரும்பச் சொல்வார், அவருக்கு அடுத்தவர் திரும்பச் சொல்வார், அப்படியே கப்பலின் வயிற்றுக்குள் இறங்கிச் சுக்கான் அறைவரை போகும். மேலே குண்டு விழுந்துகொண்டிருக்க, கீழே இந்த வாய்வழிச் சங்கிலி. அதில் நின்றவர்களின் வேலை முன்னால் நிற்பவன் சொன்னதைப் பிசகாமல் பின்னால் நிற்பவனுக்குச் சொல்வது மட்டுமே. அதற்கு யாரும் சிலை வைப்பதில்லை. ஏஜாக்ஸ் தெருப்பெயர்களில் எனக்குப் பிடித்த பக்கமே இதுதான். கப்பற் தலைவர்களோடு நிறுத்திக்கொள்ளாமல் சாதாரண மாலுமிகளுக்கும் கொதிகலன் அறையில் நின்றவனுக்கும் பலகை நட்டிருக்கிறார்கள்.

ஏஜாக்ஸ் கப்பலின் பின்பக்கத்துப் பீரங்கி மேடைகள் இரண்டையும் ஒரே குண்டு செயலிழக்கச் செய்தது. அந்தக் கப்பலில் இறந்தவர்கள் 7 பேர். அக்கிலீஸில் 4 பேர். எக்ஸெற்றரில் 61 பேர். ஜெர்மன் பக்கம் 36 பேர். கிராஃப் ஸ்பே காயத்தோடு உருகுவேயின் மொன்ரவிடியோத் துறைமுகத்துக்குள் ஓடியது. நடுநிலை நாடு, 72 மணித்தியாலம்தான் தவணை. வெளியே பெரிய கடற்படையே காத்து நிற்கிறது என்று பிரித்தானியர் கதை கட்டிவிட்டார்கள். உண்மையில் கம்பர்லாண்ட் என்ற ஒரேயொரு கப்பல்தான் புதிதாக வந்து சேர்ந்திருந்தது. கப்பற் தலைவர் ஹான்ஸ் லாங்ஸ்டோர்ஃப் 17ஆம் திகதி மாலை, கரையில் பெருங்கூட்டம் வேடிக்கை பார்த்து நிற்க, தன் கப்பலைத் தானே வெடிவைத்து அழித்தார். இரண்டு மூன்று நாளில் புவனஸ் அயர்ஸில் ஒரு அறையில் கடற்படைக் கொடியை விரித்து அதன்மேல் தன்னைச் சுட்டுக்கொண்டார்.

இனி ஊர்ப் பெயர்ப்பலகைக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா இருக்கிறா, பிறந்தது வல்வெட்டித்துறைப் பக்கம், எண்பதை நெருங்குகிறா. ஒருநாள் அவவின் வீட்டில் இருந்தபோது யாரோ தொலைபேசியில் விலாசம் கேட்டார்கள். தெருப்பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னா. எதிர்முனைக்கு விளங்கவில்லை. திரும்பச் சொன்னா, இந்த முறை சத்தமாக. மூன்றாவது முறை, “தம்பி, கப்பலிலை நிண்ட ஒரு பெடியன்ரை பேர் அப்பு, அப்பிடியே எழுதும்” என்றா. எனக்கு ஆச்சரியம்.

“உங்களுக்கு ஆர் அம்மா சொன்னது?”

“பேத்தி பள்ளிக்கூடத்திலை படிச்சவள். எங்கடை பக்கமும் கப்பல்காரர்தானே, அதாலை எனக்கு மறக்கேல்லை.”

யாழ்ப்பாணத்தில் ஸ்ரான்லி வீதியாலும் பிறவுண் வீதியாலும் எத்தனையோ தரம் சைக்கிள் உழக்கியிருக்கிறேன். ஸ்ரான்லி யார், பிறவுண் யார் என்று ஒருநாளும் எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல ஆளிருந்திருக்குமோ தெரியாது. அதிகாரத்தில் இருந்தவன் தன் ஆட்களின் பெயரை வைத்துவிட்டுப் போனான், நாங்கள் அதில் கடையும் ரியூசன் கொட்டிலும் போட்டோம், அவ்வளவுதான். இங்கே பக்கத்து மார்க்கம் நகரில் ஏ. ஆர். ரகுமானின் பெயரில் தெரு இருக்கிறது, வன்னி என்ற பெயரிலும் தெரு இருக்கிறது. அவற்றைப் பற்றிக் கேட்டால் எங்கள் ஆட்கள் அரைமணித்தியாலம் பேசுவார்கள். சொல்வதற்கு ஆளிருக்கும் வரைதான் பெயருக்கு உயிர்.

கனடாக்காரருக்கு இதில் ஒரு பழக்கம் உண்டு. மனிற்றோபா மாகாணத்தில் போர்களில் இறந்த தங்கள் ஆட்களின் பெயரை ஏரி, தீவு, குடா என்று 4,000க்கும் மேற்பட்ட இடங்களுக்கு வைத்திருக்கிறார்கள். சஸ்காச்சுவானிலும் அப்படியே. பெயரில்லாத ஏரிகள் இலட்சக்கணக்கில் கிடக்கிற நாட்டில் அது சாத்தியம். ஆனால் அந்த ஏரிகளில் பெரும்பாலானவற்றின் கரையில் மனிதர் கிடையாது, மீன்பிடி விமானம் எப்போதாவது இறங்கும். ஏரிக்குப் பெயர் வைத்தால் யாருக்கும் நோகாது. தெரு அப்படியல்ல.

அது எவ்வளவுக்கு அப்படியல்ல என்பது லாங்ஸ்டோர்ஃப் விவகாரத்தில் தெரிந்தது. 2007இல் ஏஜாக்ஸ் நகரசபை ஒரு புதிய தெருவுக்கு அந்த ஜெர்மன் கப்பற் தலைவரின் பெயரை வைத்தது. கிராஃப் ஸ்பே என்றே ஒரு ஒழுங்கையும் இருந்தது. வைத்தவர்களுக்கு நியாயம் இருந்தது. லாங்ஸ்டோர்ஃப் ஒன்பது வணிகக் கப்பல்களை மூழ்கடித்தும் அவற்றின் மாலுமிகளில் ஒருவரையும் கொல்லவில்லை. எல்லோரையும் முதலில் இறக்கி எடுத்தார், மரியாதையாக நடத்தினார். மொன்ரவிடியோவில் தன் ஆட்களை அடக்கம் செய்தபோது சுற்றி நின்றவர்கள் நாஜிப் பாணியில் கைநீட்ட, இவர் பழைய கடற்படை முறையில் நெற்றியில் கைவைத்தார். அந்தப் படம் இன்றும் இருக்கிறது. அதே அடக்கத்துக்கு, அவருடைய கப்பலில் கைதிகளாக இருந்து விடுதலையான பிரித்தானியர் மலர்வளையம் கொண்டுவந்தார்கள். புவனஸ் அயர்ஸில் அவரை அடக்கம் செய்தபோதும் அந்தக் கைதிகளாயிருந்த கப்பற் தலைவர்களுள் ஒருவர் வந்து நின்றார். மீண்டும் சண்டைக்குப் போயிருந்தால் அவரது ஆட்களில் பலர் செத்திருப்பார்கள், அதைத் தவிர்த்தார் என்பதும் உண்மை.

மறுபக்கமும் உண்மை. அவர் ஓட்டிய கப்பலில் பறந்தது சுவஸ்திகாக் கொடி. சாகுமுன் ஜெர்மன் தூதுவருக்கு எழுதிய கடிதத்தில் தன் தலைவன்மேல் வைத்த நம்பிக்கையை அவர் கைவிடவில்லை. 2020 வாக்கில் ஊரில் எதிர்ப்புக் கிளம்பியது. நாஜி ஆட்சியில் குடும்பத்தையே பறிகொடுத்தவர்களின் பிள்ளைகள் இந்த நாட்டில் இருக்கிறார்கள், அவர்கள் இந்தப் பலகையைத் தாண்டிப் போகவேண்டுமா என்று கேட்டார்கள். கடைசியில் பெயரை மாற்றுவதென்று நகரசபை முடிவெடுத்தது.

அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் கூடுகிற இடங்களில் இது சூடான கதை. எல்லாளன் கட்சி என்று ஒன்று உருவாகிவிட்டது. சிங்கள மன்னன் துட்டகைமுனு தன்னோடு பொருதி விழுந்த தமிழ் மன்னன் எல்லாளனுக்குச் சமாதி கட்டி, அந்த வழியால் போகிறவர்கள் மேளத்தை நிறுத்திவிட்டுப் போகவேண்டும் என்று கட்டளையிட்டதாக மகாவம்சமே சொல்கிறது. எதிரியையும் மதிக்கத் தெரிந்தவன்தான் வீரன், பலகையைக் கழற்றுவது சின்னத்தனம் என்பது அவர்கள் வாதம். நல்ல வாதம். அதைச் சொன்னவர்களில் சிலர் வீட்டு விலாசம் மாறினால் ஓட்டுநர் உரிமம், ஹெல்த் கார்ட், வங்கி எல்லாம் மாற்றவேண்டுமே என்ற கவலையையும் வீரத்தோடு சேர்த்துச் சொன்னார்கள் என்பது வேறு.

நான் அந்தக் கட்சியில் சேரவில்லை. சமாதி என்பது நீங்கள் கடந்து போகிற இடம். விரும்பினால் நிற்கலாம், தலை குனியலாம், பார்க்காமலும் போகலாம். தெருப்பெயர் உங்கள் கையெழுத்துக்குக் கீழே வருகிறது. பிள்ளையின் பள்ளிக்கூடப் படிவத்தில், கலியாணக் கார்ட்டில், மரண அறிவித்தலில் நீங்களே உங்கள் கையால் எழுதவேண்டும். ஒருவரை மதிப்பது ஒன்று, அவரை மற்றவர்கள் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் குடியிருத்துவது இன்னொன்று. லாங்ஸ்டோர்ஃபைப் பற்றி ஒரு கல்வெட்டு எழுதி ஏரிக்கரைப் பூங்காவில் வைத்திருந்தால் நானே போய் வாசித்திருப்பேன். கொதிகலன் அறையில் நின்ற மாலுமியின் பெயர் தெருவுக்குப் பொருந்துவதும் இதனால்தான். அவன் பெயரை எழுத எவருக்கும் கை கூசாது.

இதே சிக்கல் மொன்ரவிடியோவிலும் ஓயவில்லை. கிராஃப் ஸ்பேயின் பின்புறத்தில் சுவஸ்திகாவைக் காலில் பிடித்தபடி இருந்த வெண்கலக் கழுகை 2006இல் கடலுக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் கிடப்பில் போட்டார்கள். 2023இல் உருகுவே ஜனாதிபதி அதை உருக்கிப் புறாவாக வார்க்கப் போவதாக அறிவித்தார். வந்த எதிர்ப்பில் சில நாட்களிலேயே அறிவிப்பைத் திரும்பப் பெற்றார். கழுகு கழுகாகவே இருக்கிறது.

கிராஃப் ஸ்பே என்ற பெயருக்கு எங்கள் பக்கம் ஒரு பழைய உறவு இருக்கிறது. அந்தப் பெயருக்குரிய அட்மிரல் ஸ்பே முதலாம் உலகப்போரில் ஜெர்மனியின் கிழக்காசியக் கடற்படைக்குத் தலைவர். அவர் தன் அணியிலிருந்து பிரித்து இந்து சமுத்திரத்துக்கு அனுப்பிய கப்பல்தான் எம்டன். 1914 செப்டெம்பர் 22 இரவு சென்னையில் எண்ணெய்த் தாங்கிகளுக்குக் குண்டடித்துப் பட்டணத்தையே ஓடவைத்த அதே எம்டன். ஸ்பே அந்த டிசம்பரில் ஃபோக்லாந்துத் தீவருகே தன் இரண்டு மகன்களோடு கடலில் போனார். ஆக ஏஜாக்ஸில் அந்த ஒழுங்கையில் குடியிருந்த ஒரு தமிழர் எம்டனின் முதலாளியைத்தான் விலாசமாக எழுதிக்கொண்டிருந்திருப்பார்.

எதிரியின் சமாதியை மதிப்பதைப் பற்றிப் பேசும்போது யாழ்ப்பாணத்துக் கோப்பாயைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. அங்கே இருந்த விடுதலைப் புலிகளின் மாவீரர் துயிலும் இல்லத்தை இடித்து, அந்த நிலத்தில் கட்டிய இலங்கை இராணுவப் பிரிவொன்றின் தலைமையகத்தை 2011இல் திறந்தார்கள். பிள்ளையின் கல்லறை எந்த இடத்தில் இருந்தது என்று வீதியில் நின்று கைகாட்டுகிற தாய்மார் இன்னும் இருக்கிறார்கள். எல்லாளன் கதையைச் சொல்லிப் பெருமைப்படுகிற நாடுதான் அதுவும். மொன்ரவிடியோ மலர்வளையத்தைப் பற்றி வாசித்தபோது எனக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான், நெகிழ்ச்சி அல்ல.

சரி, அந்த மூன்று கப்பல்களுக்கும் என்ன நடந்தது? ஏஜாக்ஸ் கப்பலை 1949இல் உடைத்து இரும்பாக்கினார்கள். எக்ஸெற்றர் 1942இல் ஜாவாக் கடலில் ஜப்பானியரிடம் மூழ்கியது. அக்கிலீஸை 1948இல் இந்தியா வாங்கிக்கொண்டது. ஐஎன்எஸ் டெல்லி என்று பெயர் மாற்றி 1978வரை ஓட்டினார்கள். கோவாவைப் போர்த்துக்கேயரிடமிருந்து எடுத்த 1961 நடவடிக்கையிலும் அது நின்றது. இதில் வேடிக்கை, 1956இல் பவலும் பிரெஸ்பர்கரும் பிளேற் ஆற்றுச் சண்டையைப் படமாக எடுத்தபோது அக்கிலீஸாக நடித்தது அக்கிலீஸேதான், அதாவது இந்தியக் கடற்படையின் கப்பல். கிராஃப் ஸ்பேயாக ஒரு அமெரிக்கக் கப்பல் நடித்தது.

போன குளிர்காலம் எங்கள் பேஸ்மென்றில் நாலைந்து பேர் கூடி அந்தப் படத்தைப் போட்டோம். ஐஎன்எஸ் டெல்லி திரையில் வந்ததும் நான் விசயத்தைச் சொன்னேன். மூலையில் இருந்த அண்ணை ஒருவர் உற்சாகமாகி, “அப்ப உது எங்கடை கப்பல் எண்டு சொல்லும்!” என்றார்.

“எங்கடை எண்டா ஆற்றை?” என்றார் பக்கத்தில் இருந்தவர். அவர் 1987இல் இந்திய இராணுவம் வந்தபோது யாழ்ப்பாணத்தில் இருந்தவர்.

“அது எழுபத்தெட்டிலையே உடைச்ச கப்பல், அதுக்கும் அமைதிப்படைக்கும் என்ன சம்மந்தம்?”

“கப்பலுக்குச் சம்மந்தமில்லை. உம்மடை எங்கடைக்குத்தான்.”

பிறகு படத்தை யார் பார்த்தார்கள்? மனிசி தேத்தண்ணியோடு இறங்கிவந்து பார்த்தபோது திரை அப்படியே நிறுத்தி வைத்தபடி இருந்தது, பேச்சு ராஜீவ் ஜெயவர்த்தனா ஒப்பந்தத்தில் நின்றது. மிச்சத்தை இன்னொரு சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். கிராஃப் ஸ்பே இன்னும் மொன்ரவிடியோவுக்கு வந்து சேரவில்லை.